காலி நாற்காலிக்கு இரண்டு நிமிடம்

வருடக் கடைசி விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் கதவடியிலும் சுற்றறிக்கை வந்து விழும். பால் வராத நாள் உண்டு, தண்ணீர் வராத நாள் உண்டு, சுற்றறிக்கை வராத வருடம் கிடையாது. போன வருடம் பதினொரு பக்கம். இந்த வருடம் பதினாலு. சந்தோஷமாக இருப்பது எப்படி என்று சொல்லி முடிக்க மூன்று பக்கம் போதாமல் போயிருக்கிறது.

நான் லிப்ட் மெக்கானிக். 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று ஒரு தகரத்தில் எழுதி மாட்டினால் என் தொழிலில் விஷயம் முடிந்தது. பதினாலு பக்கம் படிக்கிற தெம்பு எனக்கு இல்லை. ஆனால் படிக்காதவர்களுக்கு என்ன நடவடிக்கை என்பது பதின்மூன்றாம் பக்கத்தில் இருப்பதாக என் மனைவி சொன்னாள். ஆகவே படித்தேன்.

எங்கள் தெருவின் மரபு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். எங்கள் தெருச் சங்கம் போட்ட வரலாற்று நூல்தான் நாற்பத்தெட்டுப் பக்கம்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், அந்த விடுமுறை நாளில், தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மின்விசிறிகள் நின்றன. வீட்டுக்குள் அவரவர் வெந்துகொண்டிருந்தோம். அப்போது இந்தத் தெருவில் யாரும் யாரோடும் பேசுகிற வழக்கம் இல்லை. என் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்க முகம் தெரியாத ஆட்களோடு பேசுகிற பிழைப்பு. அவள் எங்கள் வீட்டுக் கை வைத்த மர நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்தாள். இவளுக்கு என்ன ஆயிற்று என்று ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியோடு இறங்கி வந்தார்கள். கரண்ட் வந்த பிறகும் எவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வருடம் கரண்ட் போகவே இல்லை, நாற்காலிகள் மட்டும் வந்தன. மூன்றாம் வருடம் அக்கா ஆபீஸில் யாரிடமோ கேமரா இரவல் வாங்கி வந்து எல்லாரையும் ஒரு படம் எடுத்தாள். அவ்வளவுதான் மரபு.

பல வருடம் இப்படியே நடந்தது. பிறகு ஒன்பது வருடத்துக்கு முன்னால், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முனை வீட்டுக்குக் குடிவந்தார். ஓய்வு பெற்ற மறுவாரமே அவருக்குக் கை அரித்திருக்கிறது. தெருவைப் பார்த்தார். இத்தனை பேர் ஒன்றாக உட்கார்கிறார்கள், ஆனால் ஒரு தீர்மானம் இல்லை, ஒரு மினிட் புத்தகம் இல்லை. மனிதர் பதறிப் போனார். அடுத்த மாதமே 'நாற்காலி நாள் மரபுப் பாதுகாப்புச் சங்கம்' பிறந்தது. அவர் தலைவர். அவர் வீட்டு கார் ஷெட் அலுவலகம். கார் வெயிலில் நிற்கிறது.

முதலில் நாற்காலிகளுக்கு எண் போட்டார்கள். பிறகு வரிசை. பிறகு பேச்சுக்கு நேரம் ஒதுக்கினார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் தையல்காரம்மா வீட்டுப் பெட்டியில் அக்கா எடுத்த அந்தப் படத்தைத் தலைவர் கண்டெடுத்தார். அன்றோடு தெருவின் தலையெழுத்து மாறியது. மூல ஆதாரம் கிடைத்துவிட்டது. இனி எல்லாம் படத்தில் உள்ளபடியே நடக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

படத்தில் பதினொரு நாற்காலிகள், பத்துப் பேர். நான் அன்று எங்கோ லிப்டில் சிக்கியவர்களை இறக்கப் போயிருந்தேன். ரொட்டிக் கடைக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிற மனிதர் சாயங்காலம் வேறு என்ன செய்வார்? தையல்காரம்மா வலது பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். கண்ணாடிக் கடைக்காரர் காது குடைகிறார். படத்தில் இருந்தவர்களில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்கள் இடத்தில் வாரிசுகள். கண்ணாடிக் கடைக்காரரின் மருமகன், வங்கியில் மேலாளர், வருடா வருடம் அரை மணி நேரம் இடது காதைக் குடைகிறார். ரொட்டிக் கடைக்காரர் நல்லவேளையாக இன்னும் இருக்கிறார். தன்னைப் போலவே நடிக்க அவரே வருகிறார்.

ஆனால் வயதாகிவிட்டதால் அவருக்கு இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை. போன வருட ஒத்திகையில் நானே பார்த்தேன்.

"வாய் பத்தல சார், இன்னும் கொஞ்சம் திறங்க" என்றார் செயலாளர். செயலாளர் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியை. கழுத்தில் விசில் போட்டிருப்பார்.

"திறந்தா ஈ போகுதும்மா."

"படத்துல ஈ இல்ல சார். அத நாங்க பாத்துக்கறோம்."

ஈயைப் பார்த்துக்கொள்ள ஒரு துணைக்குழு இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

இந்த நாலு வருடமும் அக்கா நாற்காலி நாளுக்குக் கீழே வரவில்லை. இரண்டு முட்டியும் போய்விட்டன. நாங்கள் இருப்பது மாடி, பதினாறு படி. ஊரெல்லாம் மனிதர்களை மேலே ஏற்றி இறக்குகிறவன் வீட்டில் லிப்ட் கிடையாது என்பதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இந்தத் தெருவில் இல்லை. நானும் கூடவே சிரித்து அலுத்துவிட்டேன். அக்காவின் நாற்காலியைச் சங்கத்தார் கண்காட்சிக்கு என்று வாங்கிப் போனார்கள். போனது திரும்பவில்லை. இந்த வருடம் அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நாலு மாதம் கழித்து, கைத்தடியோடு படி இறங்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதே வாரம் அவள் மகள், அம்மா தன்னோடு வந்து இருந்துவிட வேண்டும் என்று ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். விடுமுறைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு ரயில். மகள் வீடு இருக்கிற ஊருக்கு ஒன்றரை நாள் பயணம். திரும்பி வருகிற பேச்சு இல்லை. அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது.

"போறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் கீழ போய் எல்லாரோடயும் உட்காந்து பேசிட்டு வரணும்டா" என்றாள். "வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவு விவரம் கெட்டவனாக இருந்தேன்.

கார் ஷெட்டுக்குப் போனேன். செயலாளர் மேசைக்கு மேலே சுவரில் படம் பெரிதாக்கி மாட்டியிருந்தது. கீழே ஒவ்வொரு ஆளுக்கும் எண்.

"அக்கா வர்றாங்க இந்த வருஷம். அவங்க நாற்காலிய அவங்களுக்குக் குடுத்துடுங்க" என்றேன்.

"எந்த எண் சார்?"

நான் படத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினேன். வரிசையில் ஏழாவது. செயலாளர் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார்.

"சார், அது அஞ்சலி நாற்காலி."

"யாருக்கு அஞ்சலி?"

"மறைந்த நிறுவனருக்கு. இந்த மரபைத் தொடங்கிட்டு நம்மை விட்டுப் பிரிஞ்ச பெயர் தெரியாத அந்த மகத்தான ஆளுக்கு. அதனாலதான் அன்னிக்கே அதைக் காலியா விட்டு மரியாதை பண்ணியிருக்காங்க. வரலாற்று நூல் முப்பத்தோராம் பக்கம். நீங்க படிக்கலையா?"

வருடா வருடம் நடக்கிற மௌனம் படத்தில் இருந்து போய்ச் சேர்ந்தவர்களுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். "அது காலியா இருக்கறதுக்குக் காரணம், அதுல இருந்தவங்க எழுந்து போய்ப் படம் எடுத்தாங்கம்மா" என்றேன். "எங்க அக்காதான் படம் எடுத்தாங்க."

"அப்படியா?" என்று ஒரு படிவத்தை நீட்டினார். 'அமர்வு விண்ணப்பம்.' முதல் கேள்வி: படத்தில் உள்ள எவருடைய வாரிசு? இரண்டாம் கேள்வி: படத்தில் நீங்கள் எந்த எண்? படத்தில் இல்லாதவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்ட வேண்டும், அவர்களுக்குப் படிவம் வேறு நிறத்தில்.

"நிக்க முடியாதும்மா அவங்களால."

"கைதட்டலாம் இல்லையா சார்?"

மூன்றாம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். தலைவர் நடுவில். வலப்பக்கம் வரலாற்றுப் பொறுப்பாளர். அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவர் என்பதால் வரலாறு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இடப்பக்கம் செயலாளர். மூன்று பேருமே அந்தப் படம் எடுத்தபோது இந்தத் தெருவில் இல்லாதவர்கள். ஆனால் அவர்களுக்கு உட்கார இடம் உண்டு, ஏனென்றால் மேடை நாற்காலிகள் விதியில் வராது.

"உங்க சகோதரிதான் படம் எடுத்தாங்கன்னு சொல்றீங்க" என்றார் வரலாற்றுப் பொறுப்பாளர். "ஆதாரம்?"

"படமே ஆதாரம்தானே? யாராவது எடுத்தாத்தானே படம் வரும்?"

"படத்துல அவங்க இல்லையே."

"எடுத்தவங்க எப்படி சார் படத்துல இருப்பாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அவங்க படம் எடுத்துக்கிட்டு இருக்கறப்ப, அதைக் காட்டுற மாதிரி வேற யாராவது எடுத்த படம் இருக்கா?"

நான் தையல்காரம்மாவைக் கையோடு கூட்டிப்போயிருந்தேன். அந்த அம்மாள், ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டுகிற உறையோடு அப்படியே வந்திருந்தார். "ஐயா, நான் எதுக்கு அந்தப் படத்துல வலது பக்கம் பாத்துச் சிரிக்கிறேன் தெரியுமா?" என்றார். "இவரோட அக்கா கேமராவைத் தூக்கிக்கிட்டு, 'பல்லு இருக்கறவங்க காட்டுங்க, இல்லாதவங்க மூடிக்கங்க'ன்னாங்க. எனக்கு வலது பக்கம் இருந்தவரு சட்டுனு வாயை மூடினாரு. அதைப் பாத்துத்தான் சிரிச்சேன்."

தலைவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "அம்மா, இதுல சத்தம் இல்லையே" என்றார்.

"எனக்குக் காதுல இருக்குங்க."

"உங்க காதைச் சங்கம் மதிக்குது. ஆனா மினிட் புத்தகத்துல ஏத்த முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "தம்பி, நானும் மனுஷன்தான். முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ்ல இருந்திருக்கேன். எத்தனையோ பேர் உண்மையைச் சொல்லிக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னிருக்காங்க. ஒருத்தருக்காகவும் நான் பைலை மாத்தினது கிடையாது. நிறுவனர் மறைஞ்சுட்டாருன்னு நூல் முந்நூறு பிரதி அச்சாயிடுச்சு. நாலு வருஷமா இரண்டு நிமிஷம் மௌனம் நடக்குது. இப்ப அந்த நாற்காலி உங்க அக்காவோடதுன்னா, அவங்க மறைஞ்சிருக்கணும். அவங்க உயிரோட இருக்காங்கன்னா, அது அவங்க நாற்காலி இல்ல. இரண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணி எழுத்து மூலமாக் குடுத்துடுங்க."

தையல்காரம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். வெயிலில் நின்ற காரில் இரண்டு பேரும் சாய்ந்தோம், சுட்டதும் விலகினோம்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் செத்தாத்தான் உட்காரலாமா?"

"செத்தாலும் உட்கார முடியாதுக்கா. அது காலியா இருந்தாத்தான் மரியாதையாம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் இன்னும் ஐந்து நாள்தான் கேட்கும். என் மனைவி வந்து, "வேற ஒரு நாற்காலியை நாமளே கொண்டுபோய் ஓரமாப் போட்டா என்ன அண்ணி?" என்றாள். சுற்றறிக்கை ஒன்பதாம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். பன்னிரண்டாவது நாற்காலி, மரபு மீறல்.

மறுநாள் அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கச் சங்கத்தார் மூன்று பேரும் மாடிக்கு வந்தார்கள். ஆய்வு என்று பெயர். அக்கா அவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னாள். வரலாற்றுப் பொறுப்பாளர் அவள் முகத்தையும் கையில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் அவள் இல்லை என்பது அவருக்கு மறுபடியும் உறுதியானது.

"உக்காருங்க சார், நின்னுக்கிட்டே காப்பி குடிக்கறீங்களே" என்றாள் அக்கா.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். எந்தப் படிவமும் இல்லாமல்.

"அம்மா, சங்கத்துக்கு ஒண்ணும் கல் நெஞ்சு இல்ல" என்றார் தலைவர், காப்பியின் கடைசி வாயை விழுங்கிக்கொண்டே. "நாங்க பேசி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கோம். ஏதோ ஒரு வகையில உங்களுக்கும் இந்தத் தெருவுக்கும் தொடர்பு இருக்குன்னு தெரியுது. அதனால இந்த வருஷம் அஞ்சலி நாற்காலிக்கு மலர் வைக்கிற கௌரவத்தை உங்களுக்குத் தர்றோம். கயித்தைத் தாண்டி உள்ள வரலாம். மலரை வெச்சிட்டு மறுபடி கயித்துக்கு வெளிய போயிடணும்."

தன் நாற்காலிக்குத் தானே மலர் வைப்பது. நான் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினாள்.

"வெக்கறேன் சார்" என்றாள். "என்ன பூ?"

அதற்குப் படத்தில் ஆதாரம் இல்லாததால் விவாதம் முக்கால் மணி நேரம் நடந்தது.

விடுமுறை நாள் வந்தது. பதினாறு படி இறங்க எங்களுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. முன்னால் நான், பின்னால் என் மனைவி, நடுவில் அக்கா. என் தொழிலில் இதற்கு ஏழு வினாடி. அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பவுடர் போட்டு, நாலு வருடம் கழித்துத் தன் காலால் நடந்து தெருவுக்கு வந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். இந்தப் பக்கம் பத்துப் பேர் தங்கள் இடத்தில். வங்கி மேலாளர் காதில் விரல். தையல்காரம்மா வலது பக்கம் பார்த்து, பல் தெரிய, உயிரே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ரொட்டிக் கடைக்காரர் வாய் படத்தில் உள்ள அளவுக்குத் திறந்திருந்தது. நடுவே அந்த மர நாற்காலி, புது வார்னிஷ் பளபளக்க.

தலைவர் பேசினார். அவர் பேச்சை நான் மறக்க மாட்டேன்.

"அன்பார்ந்த தெருவாசிகளே! ஒரு காலத்தில் இந்தத் தெருவில் மக்கள் கட்டுப்பாடில்லாமல் உட்கார்ந்தார்கள். யார் வேண்டுமானாலும் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்கார்ந்தார்கள். தலைப்பு இல்லாமல் பேசினார்கள். எப்போது சிரிப்பது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நேரம் முடிந்தும் எழுந்திருக்காமல் இருந்திருக்கிறார்கள். அந்த நிலையிலிருந்து இந்தத் தெருவை மீட்டெடுத்தது நம் சங்கம். இன்று உரையாடலுக்கு என்றே ஆறு நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். தலைப்பு, ஒற்றுமை. போன வருடம் நாலு நிமிடம்தான் என்பதை இங்கே பணிவோடு நினைவூட்டுகிறேன்."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பழக்கம்.

"இப்போது மறைந்த நிறுவனருக்கு மலரஞ்சலி. அனைவரும் எழுந்து, தலை குனிந்து, கண்களை மூடி, நான் சொல்லும்வரை மௌனம் காக்கவும்."

நாற்காலியில் இருந்த பத்துப் பேரும் எழுந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் வாயை மூடாமலே எழுந்தார். தெரு முழுக்கத் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டது. நேரம் பார்க்க வேண்டியிருப்பதால் செயலாளர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. நான் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தேன். எனக்கு விதியில் இடம் இல்லை.

அக்கா தடியை ஊன்றி ஊன்றி நடந்து போனாள். பூவை நாற்காலியின் கைமேல் வைத்தாள். கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி, இரண்டு கையையும் ஊன்றி, மெதுவாக அதில் உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது.

செயலாளரின் ஒற்றைக் கண் அகல விரிந்தது. இரண்டு நிமிடம் முடிந்தும் அவர் விசில் ஊதவில்லை. தலைவரின் காதருகே போனார். அவர் கயிற்றோரம் என் பக்கத்திலேயே நின்றதால் எனக்கும் கேட்டது.

"சார், அந்தம்மா உக்காந்துட்டாங்க."

தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. "யார் பாத்தது?"

"நான்தான் சார்."

"பாத்தா நடவடிக்கை எடுக்கணும். மினிட்ல வரும். நீங்க பாக்கலைன்னு வெச்சுக்கங்க."

"அஞ்சலியை முடிச்சிடலாமா சார்?"

"நாற்காலி காலியா இருக்கா?"

"இல்ல சார்."

"காலியா இல்லாத நாற்காலிக்கு அஞ்சலி நடந்ததா எப்படி எழுதறது? அது காலியாகிற வரைக்கும் மௌனம் தொடரட்டும். அந்த இன்னொரு கண்ணையும் மூடுங்க."

செயலாளர் மூடிக்கொண்டார்.

தெருவில் காக்கைச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. அக்கா ஆசை தீரச் சாய்ந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். எத்தனை நாளாக எண்ணி வைத்திருந்தாளோ, ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, உன் பொண்ணு பிரசவத்துக்கு வந்தாளே, என்ன குழந்தை?" இது தையல்காரம்மாவிடம். தையல்காரம்மாவின் குனிந்த முகம் நடுங்கியது. பதில் வரவில்லை.

"தம்பி, உங்க மாமனார் காது குடையறப்ப இவ்வளவு சிரமப்பட மாட்டாரு. சும்மா சுகமாக் குடைவாரு." வங்கி மேலாளர் விரலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்துக்கொண்டார்.

"என்னப்பா, காலையில கடை வாசலைக் கூட்டறப்ப நொண்டறியே, மேல இருந்து பாக்கறேன். உனக்கும் முட்டியா? டாக்டரு பேரு தரட்டுமா?"

ரொட்டிக் கடைக்காரர் வாய் திறந்துதான் இருந்தது. பேச்சு வரவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி அந்தத் திறந்த வாய்க்குள் போயிற்று. இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அக்காவுக்கு அறுவை சிகிச்சை என்றபோது இந்த ரொட்டிக் கடைக்காரர்தான் ஒரு மாதம் காலை ரொட்டியைப் படியேறிக் கொண்டு வந்து கொடுத்தார். இப்போது மௌனம் நடக்கிறது. நடுவில் பேசினால் நன்றாக இருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நானும் ஏன் வாயைத் திறக்காமல் நின்றேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஓடிப்போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஏதாவது பேசியிருக்கலாம்.

அக்கா இன்னும் நாலைந்து பேரைக் கேட்டாள். ஒருவர் வீட்டு மாடித்தோட்டம், ஒருவர் மகனின் வேலை. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். மடியில் கையை வைத்துக்கொண்டு குனிந்த தலைகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். அப்படி எவ்வளவு நேரம் என்று தெரியாது. நேரம் பார்க்க வேண்டியவர் கண்ணை மூடியிருந்தார்.

"டேய், வா போலாம்" என்றாள் கடைசியில். "இவங்களுக்கு நெருங்கின யாரோ போயிட்டாங்க போல. நாம வேற நடுவுல தொந்தரவு பண்ணிக்கிட்டு."

கயிற்றுக்குள் போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். கயிற்றைத் தாண்டினோம். பதினாறு படி. ஏறும்போது இருபத்தைந்து நிமிடம். பாதியில் ஒருமுறை நின்று, "பூ நல்லா இருந்துச்சு இல்ல?" என்று கேட்டாள். நல்லா இருந்துச்சுக்கா என்றேன்.

மேலே போய் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். தெரு அப்படியே நின்றுகொண்டிருந்தது. எல்லார் தலையும் குனிந்து, எல்லார் கண்ணும் மூடி. நாற்காலி எப்போதோ காலியாகிவிட்டது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் ஒரு கண் இல்லை.

அக்காவும் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, இன்னும் நிக்கறாங்களாடா? யாராவது போய் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்களேன். பாவம், ரொட்டிக்காரனுக்கு முட்டி வலிக்கும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றி மூலையில் போட்டேன். ஒரு நாற்காலியை இழுத்து வந்து அக்காவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"நீ கேளுக்கா" என்றேன். "தையல்காரம்மா பொண்ணுக்கு ஆம்பளப் புள்ள."